சண்டை இல்லாத நாளில் சிப்பாய் என்ன செய்வான்?

ஒரு வாசகரின் கேள்வி: "உள்நாட்டுப் போர் பற்றிய எல்லாப் படத்திலும் சண்டைதான் வருகிறது. சாதாரணச் சிப்பாய் காலையில் எழுந்து ராத்திரி படுக்கும் வரை என்னதான் செய்வான்? நம்ம குமரி மாவட்டத்தில் பட்டாளத்துக்காரர்களுக்குப் பஞ்சமில்லை. யாராவது சொல்லுங்களேன்."

2024 ஜூன் 2, இரவு

காத்திருப்பான். விறகு பொறுக்குவான், தண்ணீர் சுமப்பான், குழி வெட்டுவான், வெட்டிய குழியை மூடிவிட்டு அம்பதடி தள்ளி இன்னொன்று வெட்டுவான், கடிதம் வந்ததா என்று நாலு பேரிடம் கேட்பான், வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடுவான். அவ்வளவுதான்.

நான் தக்கலைப் பக்கம். பதினேழு வருடம் பட்டாளம். 1988-ல் இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படையில் யாழ்ப்பாணத்தில் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தேன். ஆனால் நான் எழுதப்போவது அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றி, 1861 முதல் 1865 வரை நடந்தது. மகள் ரிச்மண்டில் இருக்கிறாள். தென்பகுதிக்காரர்கள் தனி நாடு என்று பிரிந்தபோது அதுதான் அவர்கள் தலைநகரம். 2022-ல் மூன்று மாதம் அங்கே போய்க் கிடந்தேன். மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விட்டால் எனக்குப் போக்கிடம் கிடையாது, வார இறுதியில் வண்டியை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரு போர்க்களம் வரும். பீரங்கியைப் பார்த்ததைவிட அந்த மியூசியங்களில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த தகரக் குவளையையும் கிழிந்த சாக்ஸையும்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். மகள், "அப்பா, இதையா பார்க்க வந்தீங்க" என்றாள்.

ஜூன் 3

சாப்பாட்டிலிருந்து தொடங்குகிறேன், சிப்பாயும் அங்கிருந்துதான் தொடங்குவான்.

வடக்குப் படையில் காகிதப்படி ஒருவனுக்கு ஒரு நாளைக்கு முக்கால் ராத்தல் உப்புப்போட்ட பன்றி இறைச்சி, இல்லையென்றால் ஒன்றேகால் ராத்தல் மாட்டிறைச்சி. கூடவே ஒரு ராத்தல் ஹார்ட்டாக். இது மாவும் தண்ணீரும் பிசைந்து சுட்ட சதுர பிஸ்கட், மூன்று அங்குலம் போல நீள அகலம், அரை அங்குல கனம், ஒன்பதோ பத்தோ கிடைக்கும். கல். கையால் உடையாது, துப்பாக்கிக் கட்டையால் அடித்தால் உடையும். பெட்டி பெட்டியாகக் கிடங்கில் கிடந்து வருவதால் உள்ளே வண்டு. அதைச் சூடான காப்பியில் போட்டால் வண்டு மேலே மிதந்து வரும், கரண்டியால் எடுத்து வீசிவிட்டுக் குடிப்பார்கள். காப்பி ருசி மாறாது என்பது அவர்கள் கட்சி. பன்றிக் கொழுப்பில் வறுத்தும் தின்றிருக்கிறார்கள்.

எங்களுக்கு ஷக்கர்பாரா. மைதாவில் சர்க்கரை போட்டுப் பொரித்தது. லங்கரில், அதாவது பட்டாளச் சமையல்கூடத்தில், அடுப்பு மூட்ட வழியில்லாத நாளில் அதுதான் கதி. ஒரு தடவை தொடர்ந்து மூன்று நாள் அதையே தின்றதில் இப்போதும் கல்யாண வீட்டில் அந்த வடிவத்தில் இனிப்பு வைத்தால் இலையின் ஓரத்துக்குத் தள்ளிவிடுவேன்.

சரி, காப்பி. நம்ம ஊரில் "காப்பி குடிச்சாச்சா" என்றால் காலைச் சாப்பாடு ஆயிற்றா என்று அர்த்தம் இல்லையா, அந்தப் பையன்களுக்கும் காப்பிதான் சாப்பாடு. வறுத்த கொட்டையாக வரும், சில சமயம் பச்சையாகவே வரும், தாங்களே வறுத்து வாளிக்குள் போட்டுத் துப்பாக்கிக் கட்டையால் இடித்துக்கொள்வார்கள். அணிவகுத்துப் போகும் வழியில் பத்து நிமிடம் நிற்கச் சொன்னால் போதும், ஆளுக்கொரு தகரக் குவளையைத் தீயில் வைத்துவிடுவான். பங்கு பிரிக்கும் விதம்தான் எனக்குப் பிடித்தது. ரப்பர் விரிப்பை விரித்து, காப்பியையும் சர்க்கரையையும் ஆள் எண்ணிக்கைக்குத் தக்கபடி குவியல் குவியலாக வைத்து, சார்ஜென்ட் முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்பானாம். ஒருவன் குவியலைத் தொட்டு "இது யாருக்கு" என்பான், அவன் பார்க்காமலே பெயர் சொல்லுவான். குளச்சல் கடற்கரையில் மீனைக் கூறு வைக்கிறவர்கள் இதைப் பார்த்தால் சிரிப்பார்கள்.

தெற்கத்தியானுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. துறைமுகங்களை வடக்குக் கப்பல்படை அடைத்துவிட்டது, காப்பிக் கொட்டை உள்ளே வராது. சிக்கரி, ஓக் மரத்துக் காய், சர்க்கரைவள்ளிக்கிழங்கு, வெண்டை விதை என்று கிடைத்ததையெல்லாம் கருக்கிக் கொதிக்கவைத்துக் குடித்தார்கள். சோள ரொட்டியும் கொஞ்சம் பன்றியும் கிடைத்தால் அன்றைக்குத் திருவிழா.

ஜூன் 3, கொஞ்ச நேரம் கழித்து

சம்பளம் எழுத மறந்துவிட்டேன். வடக்கில் மாதம் 13 டாலர், தெற்கில் 11. 1864-ல்தான் கூட்டினார்கள், வடக்கில் 16, தெற்கில் 18. தெற்குக்காரனுக்கு இரண்டு டாலர் கூடுதலே என்று பொறாமைப்பட வேண்டாம், அவன் நோட்டை வைத்து அதற்குள் ஒரு ஜோடி செருப்புகூட வாங்க முடியாமல் போயிருந்தது. சம்பளம் மாசாமாசம் வந்ததும் இல்லை.

ஜூன் 5

ஒரு நண்பர் ஷக்கர்பாராவைப் பழித்ததற்குச் சண்டைக்கு வந்திருக்கிறார், அவரும் எக்ஸ்-சர்வீஸ்தான். அண்ணே, உங்கள் யூனிட் லங்கரில் சுட்டவர் கைராசிக்காரராக இருந்திருப்பார். எங்களுடையவர் வேறு சாதி.

இன்னொருவர் கேட்டது: துப்பாக்கி எவ்வளவு கனம்? வடக்குச் சிப்பாயின் ஸ்பிரிங்ஃபீல்ட் துப்பாக்கி நாலு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். எங்கள் எஸ்.எல்.ஆர். துப்பாக்கியும் ஏறக்குறைய அதே கனம்தான். ஆனால் எனக்கு மேகசினில் இருபது ரவை. அவனுக்கு ஒவ்வொரு ரவைக்கும் ஒன்பது படி வேலை. காகிதத் தோட்டாவைப் பல்லால் கடித்துக் கிழி, மருந்தைக் குழலுக்குள் கொட்டு, குண்டைப் போடு, கம்பியை உருவி இடி, கம்பியைத் திரும்பச் செருகு, மருந்தைப் பற்றவைக்கிற குட்டி உலோகத் தொப்பியைப் பொருத்து... நல்ல கைப்பழக்கம் உள்ளவன் நிமிடத்துக்கு மூன்று சுடுவான். முன்பல் இல்லாதவனைப் படையில் சேர்க்க மாட்டார்கள், தோட்டாவைக் கடிக்க முடியாதே. எங்கள் ஊரில் ஒரு மாமா முன்பல்லுக்காகவே செலக்‌ஷனில் திரும்பி வந்தார், அவர் காலத்தில் பல்லால் கடிக்க எதுவுமில்லை, இருந்தும் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

கெட்டிஸ்பர்க் என்ற ஊரில் நடந்த பெரிய சண்டை முடிந்த பிறகு களத்தில் 27 ஆயிரத்துக்கு மேல் துப்பாக்கி பொறுக்கினார்கள். அதில் 24 ஆயிரம் போல மருந்து நிரப்பியபடியே கிடந்தன. அதிலும் பாதியில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு குண்டு. சத்தத்தில் தன் துப்பாக்கி வெடித்ததா இல்லையா என்று தெரியாமலே பையன் அடுத்ததைத் திணித்திருக்கிறான் என்கிறார்கள். சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூன் 9, ஞாயிறு

இன்றைக்கு எழுத வேண்டும் என்று நினைத்ததுதான் முதலிலேயே என் மனதில் இருந்தது.

ஃபிரெடரிக்ஸ்பர்க் என்று ஒரு ஊர், ரிச்மண்டிலிருந்து ஒரு மணி நேரம். ஊரை ஒட்டி ராப்பஹானக் ஆறு. நம்ம குழித்துறை ஆற்றைவிடக் கொஞ்சம் அகலம் இருக்கலாம், கரையில் நின்று கத்தினால் அந்தப் பக்கம் கேட்கும். 1862 டிசம்பர் 13 அன்று அந்த ஊருக்குப் பின்னால் ஒரு கல்சுவரை நோக்கி வடக்குப் படை அலை அலையாகப் போய்ச் செத்தது. அதன் பிறகு அந்தக் குளிர்காலம் முழுக்க ஆற்றின் இந்தக் கரையில் வடக்கு, அந்தக் கரையில் தெற்கு. காவல் நிற்கிற பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். எத்தனை நாள் பார்ப்பது?

பேச ஆரம்பித்துவிட்டார்கள். அப்புறம் பலகையில் சின்னப் படகு செய்து, துணியில் பாய் கட்டி, காற்று பார்த்து விட்டார்கள். இங்கிருந்து காப்பி போகும், அங்கிருந்து புகையிலை வரும். தெற்கில் புகையிலை கொட்டிக் கிடந்தது, வடக்குக்காரனிடம் காப்பி. செய்தித்தாளும் போய் வந்தது. அதிகாரிகள் கூடாது என்று உத்தரவு போடுவார்கள், அவர்கள் முதுகைத் திருப்பியதும் படகு கிளம்பும்.

அந்தக் கரையில் நின்றபோது எனக்குத் தோன்றியது ஒன்றுதான். இவர்களுக்கு எதிரி பேசுவது புரிந்தது. மொழிபெயர்க்க ஆள் வேண்டியதில்லை. அதே கெட்ட வார்த்தை, அதே பாட்டு, அதே வேதபுத்தகம். உள்நாட்டுப் போரில் மற்றப் போர்களில் இல்லாத கஷ்டம் இதுதான். எங்கள் யூனிட்டில் வடநாட்டுக்காரன் யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டைச் சோதனை போட்டால், அந்த வீட்டுக் கிழவி அழுதுகொண்டே என்ன சொல்லுகிறாள் என்று அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஒவ்வொரு வார்த்தையும் தெரியும். "தம்பி, அந்தப் பெட்டிக்குள்ள பேத்தியின்ர பள்ளிக்கூடச் சட்டைதான் கிடக்கு" என்றால் அது எனக்குக் காதில் விழுந்துதான் ஆக வேண்டும்.

ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டேன். ஊர்ப்பெயர் வேண்டாம். வெயில் கொளுத்துகிறது, ரோட்டில் கண்ணிவெடி இருக்கிறதா என்று காலையிலிருந்து பார்த்துக்கொண்டே நடந்து வந்திருக்கிறோம். கிடுகு வேலி, பனை, சிவந்த மண், துலாக் கிணறு. சத்தியமாக நம்ம ஊர் போலவே இருந்தது. ஒரு அம்மா திண்ணையில். அசதியில் என் வாய் பட்டாளத் தமிழை மறந்து வீட்டுத் தமிழில் "அம்மா, இத்திரி வெள்ளம் தருவியளா" என்றது. அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்து, "தம்பி மலையாளியோ?" என்றார். தமிழ்தான், நாகர்கோவில் பக்கம் என்றேன். உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். கையில் ஒரு துண்டு பனங்கட்டி. நம்ம கருப்பட்டிதான். அதைக் கடித்துக்கொண்டு தண்ணீர் குடித்தேன். என் ராப்பஹானக் அதுதான்.

ஜூன் 11

"வெள்ளம்" பற்றி நாலைந்து பேர் எழுதிவிட்டீர்கள். ஆமாம், நம்ம ஊரில் வெள்ளம் என்றால் தண்ணீர், அங்கே வெள்ளம் என்றால் மழை வெள்ளம்தான். கொளுத்துகிற வெயிலில் துப்பாக்கியோடு ஒருவன் வந்து கொஞ்சம் வெள்ளம் தா என்றால் யாருக்கும் குழப்பம் வரும். சென்னையில் நான் வாயைத் திறந்தால் "நீங்க சிலோனா" என்பார்கள், யாழ்ப்பாணத்தில் திறந்தால் மலையாளியா என்றார்கள், திருவனந்தபுரத்தில் பாண்டி என்பார்கள். குமரிக்காரன் விதி.

ஜூன் 16

ஒரு வாசகி நன்றாகத் திட்டியிருக்கிறார். அவர் சொல்வது: "ஒரே மொழி, ஒரே பாட்டு என்று உருகுகிறீர்களே, அந்தப் போர் எதற்கு நடந்தது? 40 லட்சம் பேர் அடிமையாக இருந்தார்கள். அந்தப் படகு விளையாட்டில் அவர்களுக்கு எந்தக் கரை?"

நியாயம். நான் எழுதியதில் வெள்ளைக்காரப் பையன்கள் மட்டும்தான் இருந்தார்கள். அந்தப் புகையிலை யார் கையால் விளைந்தது என்று ஒரு வரிகூட எழுதவில்லை. தோவாளைச் சானலுக்குக் கிழக்கே ஆரம்பித்து நெய்யாற்றங்கரை வரை அடிமை ஆளோடு சேர்த்து நிலத்தை விற்ற ஊரில் பிறந்தவன் அதை மறந்திருக்கக் கூடாது. திருவிதாங்கூரில் அடிமை முறையை ஒழித்து அறிவித்தது 1855-ல். அமெரிக்காவில் போர் தொடங்குவதற்கு ஆறே வருடம் முன்பு. இங்கே அதற்குப் போர் நடக்கவில்லை என்றாலும், 1859 வரை தோளில் சீலை போடும் உரிமைக்கு எங்கள் பாட்டிகள் அடிபட்டார்கள்.

கறுப்பின ஆட்கள் ஏறக்குறைய 1,80,000 பேர் வடக்குப் படையில் சேர்ந்தார்கள். அவர்களுக்குச் சம்பளம் 10 டாலர், அதிலும் உடுப்புக்கென்று 3 டாலர் பிடித்தம். வெள்ளைக்காரனுக்கு 13. கறுப்பினச் சிப்பாய்களைக் கொண்ட மாசசூசெட்ஸ் 54-ம் படைப்பிரிவு, முழுச் சம்பளம் தருவதென்றால் தா, இல்லாவிட்டால் வேண்டாம் என்று மாதக்கணக்கில் சம்பளமே வாங்காமல் சண்டை போட்டது. 1864-ல்தான் சமமாக்கினார்கள். பிடிபட்டால் தெற்குக்காரன் அவர்களைக் கைதியாக நடத்தவில்லை, திரும்ப அடிமையாக்கினான், சில இடங்களில் கொன்றான். இரண்டு பக்கமும் கைதிகளை மாற்றிக்கொள்வது நின்றுபோனதற்கு அதுவும் ஒரு காரணம். அது நின்றபின் தெற்கின் ஆண்டர்சன்வில் சிறைமுகாமில் வடக்குக் கைதிகள் 45 ஆயிரம் பேர் வரை வந்து போனதில் கிட்டத்தட்ட 13 ஆயிரம் பேர் செத்தார்கள்.

அம்மா, திட்டியதற்கு நன்றி. ஜூன் 9 குறிப்பை அழிக்கவில்லை, அப்படியே கிடக்கட்டும்.

ஜூன் 17

கடிதம் பற்றிக் கேட்டவருக்கு. வடக்குச் சிப்பாய்க்குத் தபால் இலவசம் என்று நேற்று ஒருவருக்குத் தனியாகப் பதில் எழுதினேன், அது தப்பு. ஸ்டாம்ப் ஒட்டாமல் அனுப்பலாம், அவ்வளவுதான். கூலியை வாங்குகிறவர் கொடுக்க வேண்டும். அம்மா காசு கொடுத்து மகன் கடிதத்தை வாங்கினாள். தெற்கில் காகிதப் பஞ்சம், வந்த உறையையே உள்பக்கம் வெளியாகப் புரட்டி ஒட்டித் திரும்ப அனுப்பினார்கள், சுவரில் ஒட்டுகிற காகிதத்தில்கூட எழுதினார்கள். எழுதி முடித்த பக்கத்தைக் குறுக்கே திருப்பி அதன் மேலேயே எழுதுவதும் உண்டு.

எங்களுக்கு நீலநிற இன்லண்ட் லெட்டர். மடிக்கிற ஓரம், ஒட்டுகிற நாக்கு எல்லாம் நிரம்பிவிடும். விலாசம் கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ., அது பட்டாளத் தபால் ஆபீஸ் எண். அம்மா அதை ஒரு ஊர் என்றே கடைசிவரை நினைத்திருந்தாள். "அம்பத்தாறில் மழை உண்டா" என்று எழுதுவாள்.

ஜூன் 23

நோய். இதைத் தள்ளிக்கொண்டே வந்தேன்.

அந்தப் போரில் செத்தவர்கள் 6,20,000 என்பது பழைய கணக்கு, ஏழரை லட்சம் இருக்கும் என்று பின்னால் ஒரு கணக்கு வந்தது. பழைய கணக்கில் மூன்றில் இரண்டு பேர் குண்டடி படாமல் செத்தவர்கள். வயிற்றுப்போக்கு, டைபாய்டு, நிமோனியா. கிராமத்திலிருந்து வந்த பையன்களுக்குத் தட்டம்மையே போதுமாக இருந்தது, தனித்தனிப் பண்ணையில் வளர்ந்தவனுக்குச் சின்ன வயதில் அது வந்து போயிருக்காது, ஆயிரம் பேரோடு கூடாரத்தில் படுத்ததும் மொத்தமாக வந்தது. கக்கூஸ் குழியை எங்கே வெட்டுவது, தண்ணீரை எங்கே எடுப்பது என்ற விதி புத்தகத்தில் இருந்தது. பையன்கள் ராத்திரியில் அவ்வளவு தூரம் நடக்க மாட்டார்கள். இது எல்லாப் பட்டாளத்திலும் நடக்கும், நடந்திருக்கிறது, நான் சாட்சி.

எனக்கு இலங்கையில் குண்டு படவில்லை. கொசு கடித்தது. மலேரியாவில் பதினெட்டு நாள் படுத்திருந்தேன். மாத்திரை ஒழுங்காகக் கொடுத்தார்கள், கசக்கிறது என்று நான்தான் துப்பினேன். ஊரில் "இலங்கையில் காயம்பட்டவர்" என்று என்னை ஒரு மேடையில் அறிமுகப்படுத்தினார்கள், நான் திருத்தவில்லை. இப்போது திருத்துகிறேன்.

ஃபிரெடரிக்ஸ்பர்க் மேட்டில் ஒரு கல்லறைத் தோட்டம், 15 ஆயிரம் பேருக்கு மேல், பெரும்பாலோருக்குப் பெயர் கிடையாது. கழுத்தில் தகடு கட்டுகிற வழக்கம் அப்போது இல்லை. பெயர் இல்லாதவர்களுக்கு ஒரு சாண் உயரச் சதுரக் கல். கல்லில் மேலே ஒரு எண், கீழே ஒரு எண். மேலே உள்ளது குழியின் எண். கீழே உள்ளது அந்தக் குழிக்குள் எத்தனை பேர் என்பது. மகள் படித்துச் சொன்னாள். ஐந்து. மூன்று. ஏழு. அதுக்கப்புறம் நாங்கள் வண்டிக்கு வந்துவிட்டோம்.

ஜூன் 30

மகளும் பேரனும் லீவுக்கு வந்திருக்கிறார்கள். பேரனுக்கு ஏழு வயது. வெளியே அடைமழை, பயல் சும்மா இருக்கமாட்டேன் என்கிறான், ஹார்ட்டாக் சுட்டோம். கோதுமை மாவு, தண்ணீர், உப்பு, ஆணியால் பதினாறு ஓட்டை. வீட்டு ஓவனில் இரண்டு தடவை சுட்டோம். ஒன்றை வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, "தாத்தா, இது டைல்ஸா?" என்றான். கட்டன் காப்பியில் ஊறப்போட்டோம். கால் மணி நேரம் ஆயிற்று இளக. நான் இரண்டு தின்றேன். மீன்குழம்பில் தோய்த்தால் மோசமில்லை, மரச்சீனிக்கிழங்குக்குப் பக்கத்தில்கூட வராது என்பது வேறு விஷயம். மீதியை மனைவி நாய்க்குப் போட்டாள், நாய் மோந்து பார்த்துவிட்டு அதைக் கொண்டுபோய்ப் புதைத்தது.

ஜூலை 7

மூன்று வாரமாக ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. அந்தத் தண்ணீர்க் கதை.

நான் அதை எழுதிய விதம் சரியில்லை. ஆற்றங்கரைப் பையன்கள் இரண்டு பேர் கையிலும் துப்பாக்கி இருந்தது. வேண்டாம் என்றால் படகைத் திருப்பி விட்டுவிடலாம். அந்த அம்மா கையில் என்ன இருந்தது? வேலிக்கு வெளியே என்னோடு வந்தவர்கள் ஒன்பது பேர், எல்லார் கையிலும் எஸ்.எல்.ஆர். தண்ணீர் தர மாட்டேன் என்று அவர் சொல்லியிருக்க முடியுமா? பனங்கட்டியை அன்பாகத் தந்தார் என்று முப்பத்தாறு வருடமாகச் சொல்லிக்கொண்டு வருகிறேன், கல்யாண வீட்டில் சொல்லியிருக்கிறேன், சர்ச்சில் சொல்லியிருக்கிறேன். பயத்தில் தந்திருக்கலாம். செம்பை வாங்கும்போது அவர் கை எப்படி இருந்தது என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், நினைவில்லை. என் கை நடுங்கியது மட்டும் நினைவிருக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உள்ளே கதவுக்குப் பின்னால் ஒரு சிறுமி நின்றாள். தண்ணீர் எடுக்கப் போகும்போது அந்த அம்மா முதலில் செய்தது அந்தக் கதவைச் சாத்தியது. இதை நான் எந்தக் கல்யாண வீட்டிலும் சொன்னதில்லை.

ஜூலை 9

டொரண்டோவிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய அம்மா 1988-ல் யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடப் பிள்ளையாம். "அம்மாவிடம் இதை வாசித்துக் காட்டி, அந்த நாட்களைப் பற்றிக் கேட்டு எழுதட்டுமா?" என்கிறார்.

கேளுங்கள், கட்டாயம் கேளுங்கள்.

ஜூலை 10, விடியற்காலை

தூக்கம் வரவில்லை. நேற்று அவசரப்பட்டு எழுதிவிட்டேன். கேட்க வேண்டாம். வாசித்தும் காட்ட வேண்டாம். அவராக என்றைக்காவது பேச்சுவாக்கில் ஏதாவது சொன்னால், அது எங்களைப் பற்றி மோசமானதாக இருந்தாலும், அப்படியே எழுதுங்கள். நான் பதில் போட மாட்டேன், வாசிப்பேன்.

மழை விட்டிருக்கிறது. பத்து நாளுக்கு அப்புறம் இன்றைக்குத்தான் ரப்பர் வெட்டுகிறவர் வந்திருக்கிறார், சிரட்டையில் எல்லாம் தண்ணீர் நிற்கிறது, கவிழ்க்கப் போகிறேன்.